வாயை மட்டும் அசைத்த பிள்ளைகள்: சேர்ந்திசை கற்றுத்தந்த பாடம்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் குழுப்பாடல் பாடினார்கள். மேடையில் நின்றவர்கள் 30 பேர். உண்மையில் பாடியவர்கள் 11 பேர்தான். மற்றவர்களிடம், "நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று நான்தான் சொல்லியிருந்தேன். பாட்டு நன்றாக அமைந்தது, கைதட்டலும் கிடைத்தது. விழா முடிந்ததும் ஒரு மாணவியின் அம்மா வந்து, "எம்பொண்ணு நல்லாப் பாடுச்சா டீச்சர்?" என்று கேட்டார். "நல்லாப் பாடினா" என்றேன். பக்கத்தில் நின்ற மாணவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. முறையாக இசை கற்காத சாதாரண மக்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து பாடும் குழுக்கள் உலகில் எப்படி உருவாயின என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போது அறிந்ததுதான் ஹடர்ஸ்பீல்டு கோரல் சொசைட்டியின் வரலாறு.

நெசவு நகரத்தின் பாட்டு

வட இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் உள்ளது ஹடர்ஸ்பீல்டு. நம் கரூரைப் போலத் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு நெய்தது கம்பளித் துணி. 1836ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று அவ்வூர் விடுதி ஒன்றில் 16 பேர் கூடி, சேர்ந்து பாடுவதற்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாடுவது அவர்களில் யாருக்கும் பிழைப்பு இல்லை. பகலில் தத்தம் வேலை, மாலையில் பாட்டு.

அவர்களின் தொடக்க கால விதிகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. மாதக் கூட்டத்தைப் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொண்டார்கள். தெருவிளக்கு இல்லாத மலைப்பாதைகளில், பாடி முடித்தவர்கள் நிலா வெளிச்சத்தில் வீடு திரும்ப வேண்டும் அல்லவா! கற்பவரின் வாழ்க்கையைப் பார்த்துக் கால அட்டவணை போட்டவர்கள் அவர்கள்.

ஆனால் அதே சங்கம் ஒரு கதவைச் சாத்தியும் வைத்தது. ராபர்ட் ஓவன் என்ற சமத்துவச் சிந்தனையாளரைப் பின்பற்றியவர்கள் கூடிய இடத்துக்கு 'அறிவியல் மன்றம்' என்று பெயர். அங்கே போகிறவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது, அவர்களுக்கு இசைநூல்களை இரவல் தரவும் கூடாது என்று 1842இல் விதி எழுதினார்கள். எல்லாரும் சேர்ந்து பாடுவதற்கென்று தொடங்கிய இடத்திலும், 'நீ வேண்டாம்' என்ற சொல் எவ்வளவு எளிதாக நுழைந்துவிடுகிறது!

சங்கம் வளர்ந்தது. 1881இல் திறக்கப்பட்ட நகர மண்டபம் அதன் மேடையானது. ஹாண்டல் 1741இல் இயற்றிய 'மெசையா' என்னும் இசைப்படைப்பை டிசம்பர் மாதத்தில் பாடுவது அவ்வூரில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம். நூற்றாண்டு விழாவுக்காக வாகன் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர் அமைதியை வேண்டும் ஒரு படைப்பை எழுதித்தர, அதை 1936 அக்டோபர் 2 அன்று முதன்முதலில் பாடியவர்களும் இவர்களே. இன்றும் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஊதியம் இல்லாமல் பாடுகிறார்கள்.

எளிய மக்கள் எப்படிக் கற்றார்கள்?

ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமான கேள்வி இதுதான். ஐந்து கோடுகளில் புள்ளியிட்டு எழுதும் மேற்கத்திய இசைக்குறியீட்டைப் படிக்கப் பல காலம் பிடிக்கும். அச்சிடவும் செலவு அதிகம். இதற்கு மாற்றுத் தேடியவர் நார்விச் நகரத்துப் பெண் ஆசிரியர் சாரா குளோவர். டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்ற எழுத்துகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடக் கற்பித்தார். 1841இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் மாநாடு ஒன்று, பாடல் கற்பிக்க எளிய முறையைக் கண்டறியும் பொறுப்பை ஜான் கர்வென் என்ற இளம் போதகரிடம் ஒப்படைத்தது. அவர் இசை வல்லுநர் அல்லர். குளோவரின் முறையை எடுத்துச் செம்மைப்படுத்திப் பரப்பினார். அதுவே 'டானிக் சோல்ஃபா' முறை. சாதாரண அச்செழுத்திலேயே அடிக்கலாம் என்பதால் விலை குறைவு. ஆலைத் தொழிலாளியும் வாங்க முடிந்தது.

நமக்கு இம்முறை அந்நியமானது அல்ல. நம் 'ச' எந்தக் கட்டையிலும் அமையலாம், அதிலிருந்து 'ரி', 'க' எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. சோல்ஃபாவிலும் 'டோ' அப்படித்தான் இடம் மாறும். அந்த ஏழு சுரங்களின் வரிசை நம் சங்கராபரணத்தோடு ஒத்துப்போகும். நம் மாநிலத் தேவாலயப் பாடகர் குழுக்கள் பலவற்றில் இந்த முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது.

இந்த முறையால் உயர்ந்தவர்களில் ஒருவர் ஹென்றி கோவர்ட். 1849இல் பிறந்தவர். சிறுவயதிலேயே ஷெபீல்டு நகரில் கத்தி செய்யும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். தாமாகவே படித்துப் பள்ளி ஆசிரியரானார், பிறகு தலைமையாசிரியரும் ஆனார். சோல்ஃபா வழியே இசை கற்று, பிறருக்கும் கற்பித்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இசையில் முனைவர் பட்டம் பெற்றார். ஹடர்ஸ்பீல்டு குழுவை 1901 முதல் 1932 வரை நடத்தியவர் இவரே. நம்மைப் போல வகுப்பறையில் நின்றவர்!

நம் பக்கத்தில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனை நினைத்துக்கொள்ளலாம். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை கற்பிப்பதில் ஈடுபட்டிருந்த அவர், 1988இல் லட்சத்தீவில் அந்தப் பணிக்காகச் சென்றிருந்தபோது காலமானார்.

வகுப்பறையில் செய்து பார்த்தவை

படித்ததை என் வகுப்பில் முயன்று பார்த்தேன். இசை ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் இவற்றைச் செய்யலாம்.

1. சுருதியைப் பிள்ளைகளுக்கு ஏற்ப வைத்தல்: நான் என் குரலுக்கு வசதியாகத் தாழ்வாகத் தொடங்கிவந்தேன். பல பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. "பாட வராது" என்று நான் முடிவுகட்டியவர்களில் சிலர், ஒரு மாணவியைத் தொடங்கச் சொன்னதும் சரியாகச் சேர்ந்துகொண்டார்கள். தவறு அவர்கள் குரலில் இல்லை, நான் தொடங்கிய இடத்தில்தான்.

2. கைச்சைகை: கர்வென் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை வகுத்தார். மூடிய கை 'டோ', தரைக்கு இணையாக விரித்த உள்ளங்கை 'மி', உள்ளங்கை தன்னை நோக்கியபடி நிற்கும் கை 'சோ'. முதலில் 'சோ', 'மி' இரண்டு மட்டும் போதும். நம் முறையில் 'ப', 'க'. கை இறங்கினால் குரலும் இறங்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

3. மூச்சைப் பகிர்தல்: நீண்ட அடியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துவிடும். சேர்ந்திசையில் ஒருவர் மூச்சு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருப்பார். இதை வரிசை வாரியாகப் பிரித்துப் பழக்கினேன். தன் குரல் நின்றாலும் பாட்டு நிற்கவில்லை என்பது கூச்சமுள்ள பிள்ளைக்குப் பெரிய தைரியம்.

4. கேட்கப் பழக்குதல்: பாதி வகுப்பு பாட, மீதி வகுப்பு கேட்கட்டும். பிறகு மாறட்டும். சுருதி விலகும் பிள்ளையை நிறுத்த வேண்டாம், நிதானமாகப் பாடும் ஒருவருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் போதும். குரல் ஒன்றுபட வாரங்கள் ஆகலாம்.

இதனால் எங்கள் பள்ளிக்குப் பரிசு எதுவும் வந்துவிடவில்லை. 11 பேர் பாடியபோது இருந்த துல்லியம் 30 பேர் பாடும்போது இல்லை என்பதும் உண்மை. போட்டி மேடை ஒன்றைக் கேட்கிறது, வகுப்பறை வேறொன்றைக் கேட்கிறது. வகுப்பறையில் வாயை மட்டும் அசைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. காலை வணக்கக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கிறாள். மேல் சுரங்களில் குரல் இன்னும் சில நேரம் வழுக்குகிறது. ஆனால் பாடுகிறாள், எனக்குக் கேட்கிறது. அவள் அம்மா மறுபடியும் வந்து கேட்டால், இந்தமுறை நான் பொய் சொல்ல வேண்டியதில்லை.