இலச்சினையும் இணையதளமும்: வடிவமைப்புப் பணியை அலுவலகங்கள் பெறும் முறை

நெய்யின் தூய்மையைக் கண்ணால் பார்த்து அறிதல் அரிது. நிறமும் மணமும் ஏமாற்றக்கூடும். கலப்பட நெய்யை விற்பவர் விலையைக் குறைக்கும்போது, நல்ல நெய் காய்ச்சியவர் அவ்விலைக்குக் கொடுக்க இயலாமல் சந்தையைவிட்டே விலக நேரிடுகிறது. வேளாண் விளைபொருள்களைத் தரம் பிரித்துக் குறியிடுவதற்கென 1937ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமும், அதன்வழி வந்த ‘அக்மார்க்’ முத்திரையும் இவ்விடர்ப்பாட்டுக்குக் காணப்பட்ட தீர்வாகும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரமற்ற பொருள் தரமானதை விரட்டிவிடும் என்பதை, பழைய மோட்டார் கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் கோட்பாடாக நிறுவினார். மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டமை மாணவர்கள் அறிந்ததே.

எனவே ஒரு நிறுவனத்தின் இலச்சினை வெறும் அலங்காரமன்று. நம்பிக்கையைச் சுருங்கச் சொல்லும் குறி. இன்று அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கூட்டுறவு இணையங்களும் இலச்சினையையும் இணையதளத்தையும் அமைத்துத் தரும் பணியை வடிவமைப்பகங்களிடம் ஒப்படைக்கின்றன. இதில் ஒரு விந்தை உண்டு. தரத்தை அறிவிக்கும் குறியை வாங்கச் செல்லும் அலுவலகம், அந்தக் குறியின் தரத்தை முன்கூட்டி அறிய இயலாத நிலையில், நெய் வாங்குபவரைப் போலவே நிற்கிறது. இத்தகைய கோப்புகளைக் கையாளும் அலுவலர்களையும், பொதுக் கொள்முதலின் பொருளியலைப் பயிலும் மாணவர்களையும் கருத்திற்கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முன்னைய அனுபவம்

விடுதலைக்குப் பின் நமது நாட்டில் வடிவமைப்பு என்பது தொழில் வளர்ச்சியின் ஓர் அங்கமாகவே கருதப்பட்டது. இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த ‘இந்தியா அறிக்கை’யின் பயனாக, 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அவ்வறிக்கை நம் வீடுகளில் புழங்கும் சாதாரணச் செம்பையே சிறந்த வடிவமைப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எப்படித் தூக்கப்படும், எப்படித் துலக்கப்படும் என்ற கேள்விகளிலிருந்து ஒரு வடிவம் பிறக்கிறது என்பதே அதன் வாதம். பயனே முதல், வடிவம் பின்பு என்னும் இக்கருத்து இணையதளத்துக்கும் அப்படியே பொருந்தும்.

அந்நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971இல் பாரத ஸ்டேட் வங்கிக்கு வரைந்த நீல வட்டம் அரை நூற்றாண்டைக் கடந்து நிலைத்திருக்கிறது. பெயர்ப்பலகையிலும் காசோலையின் மூலையிலும் கைப்பேசித் திரையிலும் அதனை ஒரு நொடியில் இனங்காண முடிகிறது. ஆனால் நான் மாணவர்களுக்கு முதலில் எடுத்துக்காட்டுவது அதனையன்று, 1960களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்காகத் தீப் தியாகி என்னும் அரசு அலுவலர் உருவாக்கிய தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தையே. எழுத்தறியாதவரும் அதனை அறிந்துகொண்டனர். எந்தச் சிற்றூரிலும் சுவரெழுதுபவர் ஒரு வண்ணத்தைக் கொண்டு அதனைத் தீட்டிவிட முடிந்தது. சிக்கனத்தில் அதற்கு இணையான அரசுக் குறி வேறில்லை எனலாம். எனினும் 1975-77 காலத்துக் கட்டாயக் கருத்தடை நடவடிக்கைகளுக்குப் பின் அத்திட்டத்தின் மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை குலைந்தது. 1977இல் திட்டத்தின் பெயரே ‘குடும்ப நலம்’ என மாற்றப்பட்டது. முக்கோணத்தின் கோடுகளில் குறையேதும் இருந்ததில்லை. குறிக்குப் பின்னால் நின்ற நடத்தையே மாறியிருந்தது. ஒரு துறையின் செயல் தளர்ந்திருக்கும்போது புதிய இலச்சினைக்குக் கோப்பு எழுப்பும் அலுவலர்கள் இதனை மறக்கலாகாது.

வடிவமைப்பகம் செய்வது என்ன?

வடிவமைப்பகத்தின் வேலை படம் வரைவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் வரைவது அதன் உழைப்பில் சிறு பகுதியே. அலுவலகத்துக்கு வருவோர் யார், எதற்காக வருகின்றனர், எங்கே தடுமாறுகின்றனர் என்று விசாரிப்பதில்தான் முதற்காலம் செலவாகிறது. இலச்சினை முடிவானபின் அதன் பயன்பாட்டுக் கையேடு எழுதப்பட வேண்டும். வண்ணங்களின் அச்சு எண்கள், எவ்வளவு சிறிதாக அச்சிடலாம், ஒரே வண்ணத்தில் எப்படி இருக்கும், ரப்பர் முத்திரையில் தெளிவாக விழுமா, உடன்வரும் இந்தி, ஆங்கில, வட்டாரமொழி எழுத்துருக்கள் எவை என்பன அதில் அடங்கும். கையேடு இல்லாத இலச்சினை ஓராண்டுக்குள் பத்து வடிவங்களில் உலவத் தொடங்கும். கிளை அலுவலகம் ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த அச்சகத்தாரிடம் தனித்தனியே வரைந்துகொள்ளும்.

ரூபாய்க் குறியீடு இதற்கு நல்ல பாடம். நிதியமைச்சகம் நடத்திய திறந்த போட்டிக்கு வந்த 3,331 வடிவங்களிலிருந்து த. உதயகுமார் வரைந்ததை 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றது. தேவநாகரி ‘ர’வும் உரோமன் ‘ஆர்’ எழுத்தும் இணைந்த அவ்வடிவம் அழகியது. ஆனால் அன்று எந்த விசைப்பலகையிலும் எந்த எழுத்துருவிலும் அது இல்லை. சிலர் விசைப்பலகையின் மூலையிலிருந்த வேறொரு குறியின் இடத்தில் அதனைப் பொருத்தி எழுத்துரு வெளியிட்டனர். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கடிதத்தைத் திறந்தால் தொகைக்கு முன் ஒரு சாய்ந்த சிறுகோடு மட்டுமே நின்றது. 2010 அக்டோபரில் ஒருங்குறித் தரத்தில் அதற்குத் தனியிடம் கிடைத்து, பின்னர் இயங்குதளங்களும் விசைப்பலகைகளும் அதனை ஏற்ற பிறகே குறியீடு புழக்கத்துக்கு வந்தது. வரைவு முடியும் இடத்தில் பணி தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இத்தகைய திறந்த போட்டி ஒரு தேசியக் குறிக்குப் பொருந்தலாம். மக்கள் பங்கேற்பே அங்கு ஒரு பயன். ஆனால் ஓர் அலுவலகத்தின் அன்றாடத் தேவைக்குப் போட்டி நடத்தினால் கிடைப்பது ஒரு படம் மட்டுமே. விசாரணையும் கையேடும் கிடைப்பதில்லை. ஒப்பந்தம் அளிக்குமுன் எல்லா வடிவமைப்பகங்களிடமும் முழு வரைவுகளை இலவசமாகக் கேட்கும் வழக்கமும் இத்தன்மையதே. கைநிறைய வேலையுள்ள நல்ல வடிவமைப்பகம் அதற்கு இணங்காது, இணங்குபவர்களே எஞ்சுவர். அகர்லாஃப் கூறிய கார் சந்தை இங்கே நமது கையாலேயே உருவாகிறது.

விலையும் தரமும்

மிகக் குறைந்த விலை கூறியவருக்கே பணி என்னும் முறை சிமென்டுக்கும் தாளுக்கும் ஏற்றது. அவற்றின் தரத்தை எண்ணால் வரையறுத்துச் சோதித்துவிடலாம். அறிவுசார் பணிகளுக்கென 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 192ஆம் விதி, தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறைக்கு வழிவகுக்கிறது. அதில் தரத்துக்குரிய எடை 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆலோசனைப் பணி அல்லாத பிற பணிகளுக்கும் இம்முறையை விரிவாக்கி 2021 அக்டோபரில் நிதியமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தல்களில் தரத்தின் எடை 30 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது எனக் கூறப்பட்டது. ஆகவே பணியை எந்த வகையில் சேர்ப்பது என்பதே முடிவை நிர்ணயிக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ‘அ’ என்னும் வடிவமைப்பகம் தரத்தில் 90 மதிப்பெண் பெற்று 10 லட்சம் ரூபாய் கேட்கிறது. ‘ஆ’ 70 மதிப்பெண் பெற்று 6 லட்சம் கேட்கிறது. குறைந்த விலைக்கு 100 மதிப்பெண் என்றால், ‘அ’வின் விலைக்கு 60 மதிப்பெண். தரத்துக்கு 70, விலைக்கு 30 என எடையிட்டால் ‘அ’ 81, ‘ஆ’ 79 பெறும். எடைகளைத் திருப்பி, தரத்துக்கு 30 மட்டும் கொடுத்தால் ‘அ’ 69, ‘ஆ’ 91. அதே இரு நிறுவனங்கள், அதே உழைப்பு, அதே விலை. எழுத்தர் ஒருவர் கோப்பின் தலைப்பில் ‘ஆலோசனைப் பணி’ என்று எழுதினாரா, ‘இணையதளம் வழங்கல்’ என்று எழுதினாரா என்பதில் வேறுபாடு அடங்கிவிடுகிறது. பயனாளரை ஆய்ந்து அமைப்பை உருவாக்கும் பணி முன்னதைச் சேர்ந்தது என்பது என் கருத்து. ஏற்கெனவே தீர்மானித்த பக்கங்களை ஏற்றிக் கொடுப்பது மட்டுமானால் பின்னதில் சேர்ப்பதில் தவறில்லை. மாவட்ட அலுவலகங்களுக்குப் பெரும்பாலும் வடிவமைப்பகமே தேவைப்படாது. தேசியத் தகவலியல் மையம் அளிக்கும் ஆயத்த இணையதள அமைப்பே அவற்றுக்குப் போதும்.

உரிமை யாருக்கு?

இதனைப் பலரும் கவனிப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அரசின் கட்டுப்பாட்டில் உருவான படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, அரசே முதல் உரிமையாளர். பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இதையொத்த பாதுகாப்பு உண்டு. ஆனால் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இதனை நம்பியிருத்தல் ஆகாது. வெளியாரைக் கொண்டு வரைவித்த இலச்சினையின் உரிமை, எழுத்து மூலம் மாற்றித் தரப்பட்டாலன்றி, வரைந்தவரிடமே இருக்கக்கூடும். மாற்றித் தரும் ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிடில் 19ஆம் பிரிவின்படி அது 5 ஆண்டு எனவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிடில் இந்தியா மட்டும் எனவும் கொள்ளப்படும். ஏற்றுமதி செய்யும் கூட்டுறவு இணையம் ஒன்று ஆறாம் ஆண்டில் தன் சொந்த இலச்சினைக்கு உரிமை கோர இயலாத நிலையை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு வரிகள் சேர்த்தால் தீரும் குறை இது. தளப் பெயரும் அலுவலகத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும்.

திறப்பு விழாவுக்குப் பின்

சில ஆண்டுகளுக்கு முன், வட மாநிலம் ஒன்றில் கைத்தறி தொடர்பான ஓர் அமைப்பின் நிர்வாகக் குழுவில் மத்திய அரசின் பிரதிநிதியாக இருந்தேன். புதிய இலச்சினையும் இணையதளமும் வேண்டுமென்று தீர்மானித்து, மிகக் குறைந்த விலை கூறியவரிடம் பணியை ஒப்படைத்தோம். இலச்சினைக் கூட்டங்கள் பதினொன்று நடைபெற்றன. தலைமைக்கு நீலம் பிடித்தது. தலைமை மாறியதும் பச்சை வந்தது. இணையதளத்துக்கென நடந்த கூட்டம் ஒன்றே ஒன்று. அதிலும் முகப்பில் யாருடைய படம் முதலில் இடம்பெற வேண்டும் என்பதே விவாதம். நானும் அங்கு இருந்தேன்; நெசவாளருக்கு அத்தளத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

குத்துவிளக்கேற்றித் தளம் திறக்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து ஓர் ஆய்வுப் பயணத்தின்போது, தொடக்க நெசவாளர் சங்கம் ஒன்றின் எழுத்தர் தமது கைப்பேசியில் அத்தளத்தைத் திறந்து காட்டினார். நூல் விலைப்பட்டியல் திறப்பு விழா மாதத்தோடு நின்றிருந்தது. மானிய விண்ணப்பம் ஆங்கிலத்தில், காகிதத்தைப் படமெடுத்து ஏற்றியதாக இருந்தது. கைப்பேசியில் எழுத்துகள் எறும்புகளாகத் தெரிந்தன. அவர் குற்றம் கூறவில்லை. விண்ணப்பத்துக்காக மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போய்வர ஒரு நாள் தறி நிற்கிறது என்று மட்டும் சொன்னார். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் உள்ளனர். அவர்களுள் ஒருவரது ஒரு நாள் கூலியை நாங்கள் எந்த மதிப்பீட்டுத் தாளிலும் சேர்த்திருக்கவில்லை.

படமாக ஏற்றப்பட்ட விண்ணப்பம் இன்னொரு வகையிலும் தீங்கானது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் எழுத்தை வாசிக்கும். எழுத்தின் படத்தை நம்பகமாக வாசிக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடுடையோராகப் பதிவானவர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இலேயே வெளியிடப்பட்டு, 2023இல் மூன்றாம் பதிப்பைக் கண்டுள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்குச் சட்ட வலிமை தந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமையை அரசமைப்பின் 21ஆம் உறுப்போடு இணைத்துத் தீர்ப்பளித்தது. நெறிகளுக்குக் குறைவில்லை. பணி ஒப்படைக்கும் ஆவணத்தில் அவற்றைச் சோதனை நிபந்தனையாக எழுதி, நிறைவேறும்வரை இறுதித் தவணையை நிறுத்திவைக்கும் வழக்கந்தான் குறைவு.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி வேண்டும் என்பதும் அவ்வாறே. இணையதளத்தைக் கட்டடம்போல ஒருமுறைச் செலவாகக் கணக்கிடுகிறோம். அது நாளிதழை ஒத்தது. நாள்தோறும் எழுதுபவர் இல்லையேல் அது பழைய காகிதம். எழுதும் பொறுப்பை வடிவமைப்பகத்திடம் விடவும் இயலாது. நூல் விலை மாறிய செய்தி அலுவலகத்துக்குள்தான் பிறக்கிறது.

அந்த அமைப்பு பின்னர் மறு ஒப்பந்தம் செய்தது. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு மூன்றாண்டுப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. விலைப்பட்டியலைத் திங்கட்கிழமைதோறும் ஏற்றுவதற்கு அலுவலர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டார். முகப்பிலிருந்த படங்கள் நீக்கப்பட்டு, நூல் விலையும் மானிய விண்ணப்பமும் வட்டாரமொழியில் அவ்விடத்துக்கு வந்தன. நான் பணிமாற்றம் பெற்ற வாரத்தில் அதே எழுத்தர் விண்ணப்பத்தைத் தம் சங்க அலுவலகத்திலேயே அச்சிட்டு அனுப்பியிருந்தார். பதினொரு கூட்டங்களில் முடிவான இலச்சினை அதன் தலைப்பில் சற்றே சாய்ந்து அச்சாகியிருந்தது.