தோள்பட்டை எக்ஸ்ரே: விலைக்கு முன் படங்களைக் கேளுங்கள்

செம்பனைக் குலை வெட்ட நாளெல்லாம் கழியைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்குத் தோள்பட்டை வலி புதிதல்ல. மம்பாவ் தோட்டப்புறத்தில் இருப்பவர் எக்ஸ்ரே எடுக்கச் சிரம்பானில் அரசாங்கக் கிளினிக்குக்கோ துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ போகலாம், தனியாரிடமும் போகலாம், வேலையில் அடிபட்டிருந்தால் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உதவியும் உண்டு. பலரும் முதலில் கேட்பது "எவ்வளவு?" என்றுதான். "எத்தனை படம்?" என்று கேட்பதே முக்கியம் என்பேன்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கட்டணக் குறியீட்டுப் பட்டியல் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தோள்பட்டையை ஒரே கோணத்தில் எடுத்தால் 73020. குறைந்தது இரண்டு கோணங்களில் முழுமையாக எடுத்தால் 73030. காறை எலும்புக்கு 73000 என்று தனி எண் இருக்கிறது. இந்தப் பிரிவினைக்கு மருத்துவக் காரணம் உண்டு. வலிப்பு வந்தோ மின்சாரம் தாக்கியோ தோள் மூட்டு பின்பக்கமாக நழுவினால், முன்பக்கப் படத்தில் அது ஏறக்குறைய இயல்பாகவே தெரியக்கூடும். அக்குள் வழியாகவோ பக்கவாட்டிலோ எடுக்கும் படம்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே அடிபட்ட தோளுக்கு மலிவான ஒற்றைப் படம் சிக்கனமாகாது. அதே பட்டியல், படம் எடுக்கும் செலவையும் அதைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவரின் கட்டணத்தையும் தனித்தனியாகக் குறிக்க வழி வைத்திருக்கிறது. மலேசியச் சட்டம் இந்த எண்களைப் பின்பற்றவில்லை என்றாலும் அந்தப் பிரிவினை இங்கும் பொருந்தும். தனியார் மருத்துவமனைகளுக்கான 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின் 13ஆவது அட்டவணை மருத்துவர் கட்டணத்துக்கு மட்டுமே உச்சவரம்பு வைக்கிறது. மருத்துவமனையின் மற்றக் கட்டணங்கள் அதில் அடங்கா. பில் பெருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டு படம் என்றால் கதிர்வீச்சு அதிகமாகாதா என்று கேட்கலாம். தோள்பட்டை எக்ஸ்ரேயின் அளவு மிகச் சிறியது. இயற்கையிலிருந்து ஓராண்டில் நம் உடலில் படுவதோடு ஒப்பிட்டால் அற்பம். இதைவிட வலுவான மறுப்பு, எக்ஸ்ரேயே தேவையா என்பது. தசைநார் கிழிந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. அடிபடாமல், மாதக்கணக்கில் மெல்ல ஏறிய வலிக்கு ஸ்கேன் பொருத்தமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயம். அரசாங்க மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் எலும்பு முறிவும் மூட்டு நழுவலும் அவசரப் பிரிவுக்கு உரியவை. பழைய வலி சில நாள் பொறுக்கும். குடிமக்களுக்கு அரசாங்கத்தில் சாதாரணப் புறநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. அதனால் அவசரமில்லாத வலிக்கு அரசாங்கமே என் தேர்வு.

வேலையில் விழுந்தோ இழுபட்டோ அடிபட்டிருந்தால் அன்றே கிராணியிடம் சொல்லிவிடுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. தனியாரிடம்தான் போவதென்றால், படம் எடுக்கும் முன்பே எத்தனை கோணம், அறிக்கைக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும் பில்லையும் படத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.