கம்பியில்லா வலையட்டை

தஞ்சை நாட்டுப் பழைய வீடுகள் நீண்டவை. தெருத்திண்ணையில் தொடங்கி ரேழி, முற்றம், கூடம், அடுக்களை எனக் கொல்லைப்புறம் வரை அவை செல்லும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்கள் மிகப் பருத்தவை. கோடை வெம்மையைத் தடுக்கும் அச்சுவர்கள், கண்ணுக்குப் புலனாகாத வானலைகளையும் எளிதில் விடுவதில்லை.

திருவையாற்றை அடுத்து அத்தகைய வீடொன்று இருப்பதாகக் கொள்வோம். இணையத்தைக் கொணரும் ரவுட்டர் வாயிலறையில் இருக்கிறது. மேசைக் கணினியோ கூடத்திற்கு அப்பால் இருக்கிறது. ஐப்பசி மழை வலுப்பதற்குள் குறுவை நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் விற்கவேண்டும். அதற்குக் கணினி வழியே பதிவு செய்தல் வேண்டும். இணைப்பு அறுந்து பதிவு தாமதித்தால், களத்தில் குவித்த நெல் நனையும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைக் கடந்தால் விதிப்படி நெல்லைக் கொள்ளார். சிற்சில பருவங்களில் மட்டுமே அவ்வரம்பைத் தளர்த்துவர். ஆதலின், கணினிக்குள் பொருத்தும் சிறு அட்டையைத் தேர்ந்தெடுப்பதும் இவ்வீட்டிற்கு உழவுத் தொழிலில் ஒரு பகுதியாகிவிடுகிறது.

கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வானலையைச் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியொலிக்கச் செய்தார். ஆயினும் எல்லா அலைகளும் சுவரை ஒன்றுபோல் கடப்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். முன்னது சுவரைக் கடப்பதில் வல்லது. ஆனால் அண்டை வீட்டுக் கருவிகளும் அதே அலைவரிசையில் வந்து நெருக்கும். பின்னதற்கு அகன்ற பாதைகள் உண்டு. எனவே விரைவு மிகுதி. ஆனால் இரண்டு பருத்த சுவர்களுக்குள் அது நலிந்துவிடும். இரண்டையும் ஏற்கும் அட்டையே இங்குத் தக்கது.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட வேகத்தைக் கண்டு மயங்குதல் வேண்டா. அது பெரும்பாலும் இரு அலைவரிசைகளின் உச்ச வேகங்களையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. ரவுட்டருக்கு இல்லாத விரைவை அட்டை மட்டும் தந்துவிடாது.

அதனினும் இன்றியமையாதது ஆண்டெனா. கணினியின் தகரப் பெட்டி சுவரோரம் மேசைக்கடியில் கிடக்கும். பின்புறம் திருகிய குட்டி ஆண்டெனாவைத் தகரம் மறைத்துவிடும். சிறு கம்பியால் நீட்டி மேசைமேல் வைக்கத்தக்க ஆண்டெனா உடைய அட்டை, விலை சற்றுக் கூடினும், கொள்ளத்தக்கது. வாங்குமுன் கணினியைத் திறந்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையொன்று வெறுமையாக உள்ளதா என்று நோக்குக. லினக்சு இயங்கும் கணினியாயின், அட்டையை அது இயக்குமா என்று கேட்டறிக.

இத்தனைக்கும் பின் ஒன்று கூறவேண்டும். சுவரோரமாக ஈதர்நெட் கம்பி இழுக்க வழியிருந்தால், அட்டையே வேண்டுவதில்லை. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அதற்குரிய துளை முன்னரே உண்டு. 100 மீட்டர் வரை அக்கம்பி தளராது செய்தி சுமக்கும். தஞ்சை வீடுகள் எத்துணை நீண்டனவாயினும் அத்துணை நீளமில்லை.