இழுவை இல்லையா? கவர்னரைக் கேள்!

தம்பி, அமெரிக்கப் புறநகர் வீடுகளில் சாதாரணமாக நிற்கும், உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் ரைடிங் மோவர் நம் ஊரில் கோல்ஃப் மைதானம், கிரிக்கெட் திடல், பெரிய கல்லூரி வளாகம் என்று சில இடங்களில்தான் ஓடுகிறது. அதனால் இதைப் பழுதுபார்க்க வருகிறவன் பெரும்பாலும் பைக் மெக்கானிக்காகத்தான் இருக்கிறான். பைக்கில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பது ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது. மோவரில் அது எஞ்சின் வேகத்தைத் தானாகவே காக்கும் கவர்னரின் கையில். இந்த வித்தியாசம் பிடிபடாதவன்தான் நல்ல கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறான். சுமார் 500 சிசி ஒற்றை சிலிண்டர் ஓஹெச்வி எஞ்சினை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் ஓட்டியவரிடம் கேள்.
"புல்லிங் இல்லை" என்பதோடு விட்டுவிடாதே. எப்போது இல்லை? ஸ்டார்ட் செய்ததிலிருந்தா, கால் மணி நேரம் ஓடிய பிறகா? பிளேடு போட்டதுமா, மேடு ஏறும்போதா? ஓடி ஓடிப் பிறகு விழுகிறது என்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் எஞ்சின் சூட்டையும் சந்தேகி. பிளேடு போட்டால் மட்டும் என்றால் பிளேடுகளை மூடியிருக்கும் டெக்கைப் பார். எஞ்சின் சத்தம் குறையாமல் வண்டி மட்டும் நகரவில்லை என்றால் அது டிரைவ் பெல்ட் அல்லது ஹைட்ரோ டிரான்ஸ்மிஷன் கோளாறு, எஞ்சினைத் தொடாதே.

2. கையைக் காப்பாற்றிக்கொள்.
பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வைக்காமல் டெக்குக்கு அடியில் கை விடாதே. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சீட் சுவிட்சை ஒயர் போட்டு பைபாஸ் செய்வது சிலருக்குப் பழக்கம். உன் பட்டறையில் அது வேண்டாம்.

3. கவர்னர் என்ன செய்கிறது என்று பார்.
இதுதான் முக்கியமான பாடம். ஸ்பிரிங் திராட்டிலைத் திறக்கப் பார்க்கும். உள்ளே சுழலும் எடைகள் மூடப் பார்க்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது லீவரை வேகமான பக்கம் தள்ளினால் திராட்டில் முழுவதும் திறந்திருக்க வேண்டும். சுமை இல்லாமல் ஓடும்போது ஏறக்குறைய மூடியிருக்கும். பிளேடு போட்டுப் புல்லில் இறங்கினால் கவர்னர் கை நகர்ந்து திராட்டிலைத் திறக்கும். அந்தக் கையைத்தான் நீ பார்க்க வேண்டும். ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் நடக்காதே; பெல்ட்டுக்கும் சைலன்சருக்கும் எட்டாத இடத்தில் செல்போனை இறுக்கக் கட்டி வீடியோ எடு.

ஆர்பிஎம் விழுகிறது, கை முழுவதும் போகவில்லை என்றால் கோளாறு கவர்னர் பக்கம். கை கடைசி வரை போயும் ஆர்பிஎம் விழுகிறது என்றால் எஞ்சினில் பலம் இல்லை, அல்லது சுமை அதிகம். பாதி நோய் இங்கேயே பிரிந்துவிடும்.

4. கவர்னரைச் சரிசெய், ஏமாற்றாதே.
லிங்க் கம்பி துரு பிடித்து இறுகியிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், யாரோ வேறு துளையில் மாட்டியிருப்பார்கள். கவர்னர் கையின் நட்டைத் தளர்த்தி, திராட்டிலை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு, கை திரும்பிய அதே திசையில் கவர்னர் ஷாஃப்டை நிற்கும்வரை திருப்பி, நட்டை இறுக்கு. ஆர்பிஎம்மை மீட்டரில் பார். பெரும்பாலான மோவர்களுக்கு உச்சம் 3,600-க்கு மேல் போகாது. சிலவற்றுக்கு இன்னும் குறைவு. ஸ்பிரிங் மாட்டும் தகட்டை வளைத்து வேகத்தைக் கூட்டினால் இழுவை வந்ததுபோல் இருக்கும். ஆனால் அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளேடும் ஆபத்து, கனெக்டிங் ராடும் ஆபத்து.

5. எஞ்சினைக் குறை சொல்லும் முன் சுமையைப் பார்.
மழுங்கிய பிளேடு, இறுகிய ஸ்பிண்டில் பேரிங், டெக்குக்குள் காய்ந்து ஒட்டிய புல், முழுதாக விடுபடாத பார்க்கிங் பிரேக் இவை எல்லாம் நல்ல எஞ்சினையும் திணறடிக்கும். பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, கெட்டியான கையுறை போட்டு ஒவ்வொரு பிளேடையும் சுழற்றிப் பார். ஒன்று மட்டும் கரகரத்தால் ஆளைப் பிடித்துவிட்டாய்.

6. சோக்கைப் பாதி இழுத்துப் பார்.
சுமையில் ஓடும்போது சோக்கைக் கொஞ்சம் மூடு. இழுவை கூடினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டு. சரியானால் மூடியின் துளைதான் அடைத்திருக்கிறது. ஃபில்டர், உட்பக்கம் உரிந்துபோன பெட்ரோல் ஹோஸ், கிராங்க் கேஸின் காற்றுத் துடிப்பில் வேலை செய்யும் பம்ப், அதன் விரிசல் விட்ட ஹோஸ் என்று வரிசையாக வா. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் சோலினாய்டு இருந்தால் அதற்கு 12 வோல்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார். கடைசியாக மெயின் ஜெட்.

பெட்ரோலையும் மறக்காதே. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. இந்த எஞ்சின்களின் மானுவல்கள் பலவும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஜெட்டின் அளவு மாறாதபோது கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். வண்டி ஒரு மாதத்துக்கு மேல் சும்மா நிற்கப்போகிறது என்றால் டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்யச் சொல்.

7. மூச்சு விட இடம் இருக்கிறதா?
ஏர் ஃபில்டரைத் தட்டி ஏமாறாதே, மாற்று. ஃபில்டரில் எண்ணெய் படிந்திருந்தால் அதைக் குறித்துக்கொள், 9-இல் பயன்படும். சைலன்சருக்குள் குளவி மண் கூடு கட்டியிருக்கலாம். ஃபேன் கவரைக் கழற்றினால் சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே புல்லும் எலிக் கூடும் அடைந்திருக்கும். சூடேறியதும் படுத்துவிடும் எஞ்சின் அதைச் சுத்தம் செய்ததும் எழுந்துகொள்வது உண்டு.

8. தீப்பொறி இருந்தால் மட்டும் போதாது.
பொறி சரியான நேரத்தில் வர வேண்டும். பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.76 மிமீ. பிளேடு கல்லில் அடித்த வண்டி என்றால் ஃபிளைவீல் சாவியைப் பார். மெல்லிய அலுமினியச் சாவி லேசாக நசுங்கினாலும் டைமிங் தப்பிவிடும். இரட்டை சிலிண்டர் எஞ்சினில் ஒரு பக்கம் மிஸ்ஸிங் அடித்தால் ஓடத்தான் செய்யும், இழுக்காது.

9. கம்ப்ரஷன் கேஜை நம்பாதே.
இந்த எஞ்சின்களில் ஸ்டார்ட்டருக்குச் சுமை குறைய, கேம் ஷாஃப்ட் ஒரு வால்வைக் கொஞ்சம் தூக்கிவிடும். அதனால் நல்ல எஞ்சினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். காற்றைச் செலுத்தி லீக் டவுன் பார். அதற்கு முன் கிராங்க் சுழலாதபடி பிடித்துக்கொள். காற்று கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் குழாயில் சீறினால் ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட்.

ரிங் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. ஓஹெச்வி எஞ்சின்களில் சிலிண்டருக்கும் புஷ் ராடு போகும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தில் கேஸ்கெட் கிழிவது சகஜம். அப்போது கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, பிரீதர் வழியாக ஆயில் ஏர் ஃபில்டருக்கு வரும், புகையும் வரும். ஹெட்டைத் திறந்து பார், சமதளம் பார், மானுவல் சொல்லும் வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்கு.

டாப்பெட்டை எஞ்சின் குளிர்ந்த பிறகே வை. பல மாடல்களுக்கு இன்டேக் 0.08 முதல் 0.13 மிமீ, எக்ஸாஸ்ட் 0.13 முதல் 0.18 மிமீ. பிஸ்டன் உச்சியைத் தாண்டி 6 மிமீ இறங்கிய இடத்தில் அளக்க வேண்டும். உச்சியிலேயே அளந்தால், ஸ்டார்ட்டருக்காக வால்வைத் தூக்கும் அந்தக் கேம் மேடு உன்னை ஏமாற்றிவிடும்.

10. மலையையும் கணக்கில் எடு.
கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் பலம் குறையும். சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் கால் பங்கு பலம் காற்றிலேயே போய்விடுகிறது. அங்கே புல்வெட்டுகிறவர் புகார் சொன்னால் மலைக்கான ஜெட்டைப் போட்டு, வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். அதற்காக எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பில் நீட்டாதே.

11. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.
ஃபில்டர், பிளக், ஜெட் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது நோய் என்று உனக்கே தெரியாது. அடுத்த வண்டிக்கு எந்தப் பாடமும் மிஞ்சாது. மாற்றியதும் அடர்ந்த புல்லில் ஓட்டி மறுபடி வீடியோ எடு. சுமையில் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கி மீள வேண்டும், கவர்னர் கைக்கு இன்னும் நகர இடம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் வண்டியை ஒப்படைத்துவிடு.