நெல் விலை ஏறியதா, ரூபாயின் மதிப்பு இறங்கியதா?

1982-83-ம் ஆண்டில் மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 122 ரூபாய். 2016-17-ல் அது 1,470 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் நெல் விலை 12 மடங்கு உயர்ந்துவிட்டது. ஆனால் நெல் விற்ற பணத்தைக் கொண்டு விவசாயி உரம் வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும். அவற்றின் விலை எத்தனை மடங்கு ஏறியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

விலைவாசியோடு ஒப்பிடும் முறை

தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் உணவு, துணி, எரிபொருள், வீட்டு வாடகை போன்றவற்றின் விலைகளைக் கணக்கிட்டு, மத்திய அரசு நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்ற ஓர் எண்ணை வெளியிடுகிறது. அதன்படி 1982-ல் 100 ரூபாய்க்குக் கிடைத்த பொருள்களை வாங்க, 2001-ல் 463 ரூபாய் தேவைப்பட்டது. 2016-ல் சுமார் 1,333 ரூபாய் தேவைப்பட்டது.

இதே அளவில் நெல்லும் ஏறியிருந்தால், 122 ரூபாய் 2001-ல் 565 ரூபாயாகவும், 2016-ல் 1,627 ரூபாயாகவும் இருந்திருக்க வேண்டும். உண்மையில் அறிவிக்கப்பட்ட விலை 2001-02-ல் 530 ரூபாய். 2016-17-ல் 1,470 ரூபாய். அதாவது 34 ஆண்டுகளில் விலைவாசி 13 மடங்குக்கு மேல் ஏற, நெல் 12 மடங்குதான் ஏறியது. 2016-ம் ஆண்டுப் பணத்தில் குவிண்டாலுக்கு 157 ரூபாய் பின்தங்கியது.

இந்தக் குறைவை ஈடுகட்ட மகசூல் கூட வேண்டும். 1982-ல் ஏக்கருக்கு 18 குவிண்டால் எடுத்தவர், 2016-ல் 20 குவிண்டால் எடுத்தால்தான் அதே வாங்கும் சக்தி அவர் கையில் நிற்கும். குட்டை ரகங்களும் உரமும் தந்த கூடுதல் விளைச்சலில் ஒரு பகுதி இவ்வாறு விலைவாசிக்கே போய்விட்டது.

ஆண்டுதோறும் சீராக ஏறுவதில்லை

விலைவாசி ஏறும்போதெல்லாம் நெல் விலையும் கூடவே ஏறும் என்று எண்ணக் கூடாது. 2001-02-ல் 530 ரூபாயாக இருந்த ஆதரவு விலை, 2006-07-ல் ஊக்கத்தொகை நீங்கலாக 580 ரூபாய்தான். ஐந்து ஆண்டுகளில் 50 ரூபாயே உயர்வு. 2002-ல் மத்தியத் தொகுப்பில் 6 கோடி டன்னுக்கு மேல் அரிசியும் கோதுமையும் தேங்கிக் கிடந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பின்னர் கையிருப்பு குறைந்தது. 2008-ல் உலகச் சந்தையில் அரிசி விலை கடுமையாக ஏறியது. 2010-11-ல் ஆதரவு விலை 1,000 ரூபாயைத் தொட்டது. இம்முறை நான்கே ஆண்டுகளில் 420 ரூபாய் உயர்வு.

உரக்கடையும் கூலியும் இப்படிக் காத்திருப்பதில்லை. 2007-க்குப் பிறகு சில ஆண்டுகள் கிராமப்புறக் கூலி பொது விலைவாசியைவிட வேகமாக ஏறியது. நெல் விலை தேங்கும் ஆண்டுகளில்தான் சிறு விவசாயி கடனில் விழுகிறார். ஆகவே, விலை நன்றாக இருக்கும் ஆண்டில் மிஞ்சும் பணத்தைக் கொண்டு முதலில் அதிக வட்டிக் கடனை அடைப்பது நல்லது. வீட்டில் ரொக்கமாக வைத்தால் அதன் மதிப்பு ஆண்டுதோறும் தேயும்.

நெல்லால் அளந்து பாருங்கள்

குறியீட்டெண் நாடு முழுமைக்கும் பொதுவானது. அவரவர் நிலைமையை அறிய ஓர் எளிய வழி உண்டு. செலவுகளை ரூபாயில் எழுதுவதோடு, நெல்லின் எடையிலும் எழுத வேண்டும்.

உதாரணமாக, நெல் கிலோ 23 ரூபாயும் ஓர் ஆள் கூலி 460 ரூபாயும் என்றால், ஒரு ஆளுக்கு 20 கிலோ நெல் செலவாகிறது. மறு ஆண்டு நெல் கிலோவுக்கு 1 ரூபாய் 15 காசு ஏறுகிறது. கூலி 46 ரூபாய் ஏறுகிறது என்று கொள்வோம். இப்போது ஒரு ஆளுக்கு 21 கிலோ நெல் வேண்டும். நெல் விலை ஏறியும் விவசாயிக்கு நஷ்டமே. இதேபோல ஒரு மூட்டை டி.ஏ.பி., ஒரு மணி நேர டிராக்டர் உழவு, அறுவடை இயந்திர வாடகை ஆகியவற்றையும் ஒவ்வொரு பட்டத்திலும் குறித்து வரலாம். எந்தச் செலவு நெல்லை மிஞ்சி ஓடுகிறதோ, அதைக் குறைக்கும் வழியை முதலில் தேட வேண்டும். கூலி என்றால் இயந்திர நடவு, உரம் என்றால் மண் பரிசோதனைப்படி இடுதல் போன்றவை கைகொடுக்கும்.

இருப்பு வைப்பது இலாபமா?

அறுவடையின்போது விற்காமல் நான்கு மாதம் வைத்திருந்தால் விலை ஏறும் என்பது உண்மையாகலாம். ஆனால் ஏறும் விலை எல்லாம் இலாபம் ஆகாது.

17 சதவீத ஈரப்பதமுள்ள 100 கிலோ நெல்லை, பாதுகாப்பாகச் சேமிக்க 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் சுமார் 96½ கிலோவே நிற்கும். அறுவடை விலை 2,300 ரூபாய் என்றும், கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், நான்கு மாத வட்டி 92 ரூபாய். இந்த இரண்டையும் ஈடுகட்டவே குவிண்டால் சுமார் 2,480 ரூபாய்க்கு விற்க வேண்டும். 2,400 ரூபாய்க்கு விற்றவர் 100 ரூபாய் இலாபம் என்று நினைப்பார். உண்மையில் 76 ரூபாய் நஷ்டம். சாக்கு, எலி, பூச்சிச் சேதம் இதில் சேரவில்லை.

கடன் நெருக்கடி இல்லாதவர்களும், நல்ல சேமிப்பு வசதி உள்ளவர்களும் மட்டுமே இருப்பு வைக்க வேண்டும். உடனடியாகப் பணம் தேவைப்படுவோர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற முடியுமா என்று விசாரித்து, வட்டியைக் கணக்கிட்டு முடிவு செய்யலாம்.

குத்தகையில் கவனம்

பல ஆண்டுகளுக்குக் குத்தகையை ரொக்கமாக நிர்ணயித்தால், விலைவாசி ஏற ஏறக் குத்தகைதாரரின் சுமை குறையும். நெல்லாக நிர்ணயித்தால் விலை உயர்வின் பலன் நில உரிமையாளருக்குப் போகும். ஆனால் விலை விழுந்தால் குத்தகைதாரருக்கு இடர் இல்லை. இரு தரப்பாரும் இதைப் பேசித் தெளிந்து, எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பட்டத்துக் கணக்கில் முழு உண்மையும் தெரிந்துவிடாது. வருகிற பட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதி வந்தால், நெல் விலை எங்கே நிற்கிறது என்பது அவரவர் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.