எக்ஸ்பியையும் லெவனையும் பேச வைக்கப் போகிற தம்பிக்கு

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளில் மூலையில் ஒரு எக்ஸ்பி சிஸ்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பேஜ்மேக்கரும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான். பக்கத்திலேயே புது விண்டோஸ் 11. "ரெண்டையும் இணைச்சுக் குடுங்க" என்பார் ஓனர். அங்கே முதல்முறை போகிறவனுக்குச் சில வார்த்தை.

1. முதலில் கேபிளைப் பார். ஓர் அச்சகத்தில் இரண்டு மணி நேரம் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தேன். கட்டிங் மிஷின் ஓடும்போது மட்டும் இணைப்பு போனது. பார்த்தால் ஆர்ஜே-45 பிளக்கின் கிளிப் ஒடிந்து, அதிர்வில் நழுவிக்கொண்டிருந்தது.

2. எக்ஸ்பிக்கு நிலையான ஐபி கொடு, கேட்வேயைக் காலியாக விடு. கடைக்குள் பேசும்; இன்டர்நெட் பக்கம் போகாது. 2014 ஏப்ரலோடு அதற்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. புது சிஸ்டத்தின் ஐபி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரி தரவில்லை என்று அர்த்தம்.

3. இதுதான் முக்கியம். ஃபைல் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒரே பாஷை எஸ்எம்பி 1. அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆண்டு அக்டோபர் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாகக் கழற்றிவிட்டது. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அதன் கீழே மூன்று பெட்டி இருக்கும்: ஆட்டோமேட்டிக் ரிமூவல், கிளையன்ட், சர்வர். புது சிஸ்டத்தில் கிளையன்ட்டை மட்டும் டிக் பண்ணு. சர்வரைத் தொடவே தொடாதே. ஃபோல்டரை எக்ஸ்பியில் ஷேர் செய்து, புதிதிலிருந்து போய் எடு; வைப்பதும் அப்படியே. ரிமூவல் டிக்கையும் எடுத்துவிடு. இல்லையென்றால், பதினைந்து நாள் யாரும் பயன்படுத்தாதபோது விண்டோஸே அதைக் கழற்றிவிடும். "நீங்க செஞ்சது நிக்கலையே" என்று போன் உனக்குத்தான் வரும்.

4. நெட்வொர்க் ஜன்னலில் பெயர் தெரியவில்லை என்று பதறாதே. ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ஐபியை அடி, திறக்கும்.

5. இரண்டு புது சிஸ்டங்களுக்கு நடுவே பாஸ்வேர்டு கேட்டால் பின் நம்பர் செல்லாது, அக்கவுண்ட் பாஸ்வேர்டுதான். ஓனருக்கு அது நினைவிருக்காது. ஷேருக்கென்று தனி லோக்கல் யூசர் உருவாக்கிவிடு.

6. பிரிண்டரில் லேன் போர்ட் இருந்தால் அதற்கும் நிலையான ஐபி கொடுத்து, ஒவ்வொரு சிஸ்டத்திலும் டிசிபி/ஐபி போர்ட்டாகச் சேர், பெரும்பாலும் 9100. யுஎஸ்பி மட்டும் என்றால் அதைப் புது சிஸ்டத்தில் மாட்டு. 32 பிட், 64 பிட் டிரைவரோடு மல்லுக்கட்டாதே. எக்ஸ்பியில் பிடிஎஃப் ஆக்கி, இந்தப் பக்கம் எடுத்து அடிக்கச் சொல். ஒரு வேலை கூடுதல்தான், ஆனால் தகராறு இல்லை.

7. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எதையும் தொடுமுன் எக்ஸ்பியின் வேலை ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள். எழுத்துரு ஃபோல்டரையும் விடாதே. அந்த எழுத்துரு போய்விட்டால், இருபது வருஷப் பத்திரிகைகளும் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.