புளி தட்டும் கணினி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாசி, பங்குனியில் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களுக்குள் போனால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டும் சத்தம் கேட்கும். வியாபாரி வீட்டுக்கு ஒரு மூட்டை இறக்கிவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து வைத்தால், திரும்ப வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வார். ஒரே வீட்டில் கொடுத்தால் வருஷக்கணக்கில் இழுக்கும் வேலை, நூறு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்ததால் சில நாளில் முடிகிறது.

தன்னார்வக் கணிமையும் இதே ஏற்பாடுதான். ஒரு பெரிய ஆராய்ச்சிக் கணக்கைச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி, உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு இணையம் வழியே அனுப்புகிறார்கள். நம் கணினி கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க் என்ற இலவச மென்பொருள் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனித்துக்கொள்கிறது.

கள்ளக்குறிச்சியில் என் வீட்டு மேசைக் கணினியில் இதை ஓட்டி வருகிறேன். பார்க்கிறவர்கள் சொல்வதில் பாதி பயம், பாதி ஆசை. இரண்டையும் தெளிவாக்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: இதில் பணம் வரும்.

உண்மை: வராது. கணினியைச் சர்வீஸுக்குக் கொடுத்தபோது கடைத் தம்பி கேட்ட முதல் கேள்வியே, "கிரிப்டோ மைனிங் ஓட்டுறீங்களா சார்? மாசம் எவ்வளவு வருது?" என்பதுதான். புளி தட்டினால் கூலி உண்டு. இங்கே கூலி இல்லை. செய்த வேலைக்குப் புள்ளிகள் ஏறும், அவ்வளவுதான். அந்தப் புள்ளியைக் கொண்டுபோய் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. "சேருவதற்கு இவ்வளவு கட்டுங்கள், கணினி சம்பாதித்துக் கொடுக்கும்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பெயர் பெற்ற ஆராய்ச்சித் திட்டம் எதுவும் சேருவதற்குக் காசு கேட்பதில்லை.

நம்பிக்கை: சும்மா கிடக்கும் கணினிதானே, செலவே இல்லை.

உண்மை: ஆதரவாளர்களே பரப்பும் தவறு இது. சும்மா இருக்கும் கணினி குறைவாகத்தான் மின்சாரம் இழுக்கும். கணக்குப் போட ஆரம்பித்தால் கூடும். 60 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 480 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய அரை யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 29 யூனிட் ஏறும். நம் வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு படிப்படியாக விலை கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் முன்னே ஓடிய யூனிட்டுகளின் கணக்கும் மாறிவிடும். வீட்டில் ஏ.சி. ஓடும் சித்திரையில் இந்த 29 யூனிட் உங்களை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளலாம். நான் கோடையில் நிறுத்திவிட்டு, மழைக்காலத்தில் மறுபடி ஓட்டுகிறேன்.

நம்பிக்கை: கணினி சீக்கிரம் வீணாகிவிடும்.

உண்மை: வேலை செய்வதாலேயே கணினி கெட்டுவிடாது; பெரும்பாலும் வெப்பம் வெளியேறாமல் போனால்தான் கெடும். கரும்பு லாரி போகும் சாலையோரத்து வீடு என்னுடையது. ஒருநாள் கணினியின் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். மின்விசிறிக்கும் அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, தலையணைப் பஞ்சு போல் தூசி அடைத்துக் கிடந்தது. காற்று போக வழியே இல்லை. ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகு, அதே வேலைக்கு விசிறி இரைவது நின்றது.

பாயிங்க் அமைப்புகளில், செயலியின் எத்தனை சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம், எந்த மணி முதல் எந்த மணி வரை ஓடலாம் என்று நாமே சொல்லலாம். 50 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். நீங்கள் வேலை செய்யும்போது அது ஒதுங்கிக்கொள்ளும்படியும் வைக்கலாம். மடிக்கணினியாக இருந்தால் மெத்தைமேல் வைத்து ஓட்டவே கூடாது.

நம்பிக்கை: நம் போட்டோ, பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும்.

உண்மை: உங்கள் கோப்புகளைத் தேடிப் படிப்பது இந்த மென்பொருளின் வேலை அல்ல. அதன் மூலநிரல் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். ஆனாலும் பயம் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை நம் வீட்டுக்குள் விடுகிறோம். அதனால் மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்; யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதைத் தொடாதீர்கள். பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ பொறுப்பேற்று நடத்தும் திட்டத்தில் மட்டும் சேருங்கள். பள்ளி, அலுவலகக் கணினியில் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் நிறுவாதீர்கள். மின்சாரம் அவர்களுடையது.

நம்பிக்கை: வேற்றுக்கிரகவாசிகளைத் தேடுகிற வேலை, அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது.

உண்மை: அந்தத் தேடலை நடத்திய செட்டி அட் ஹோம் 1999 மே மாதம் தொடங்கி, 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஈர்த்து, 2020 மார்ச் 31-இல் புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. மூடியது ஒரு கடைதான்; சந்தை மூடவில்லை. அதே 2020-இல் கொரோனா வைரஸின் புரதங்களை ஆராய ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். நொடிக்கு 1-க்குப் பின் 18 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் கணக்குகள் செய்யும் எல்லையை அந்த வீட்டுக் கணினிகள் சேர்ந்து தாண்டின.

நம்பிக்கை: நம்மூர் ஒற்றைக் கணினியால் என்ன ஆகிவிடும்?

உண்மை: 2010-இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் ஒரு புதிய துடிப்பு விண்மீன் கண்டறியப்பட்டது. அதன் தடயம் முதலில் சிக்கியது அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஒரு தம்பதியின் கணினியிலும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்காரர் ஒருவரின் கணினியிலும்தான்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இதற்குப் புவி வெப்பமாதல்தான் காரணமா? இதை அறிய, அந்த மழைக்காலத்தைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான முறை பெய்யவைத்துப் பார்க்க வேண்டும். மனிதர் புகை கலக்காத உலகிலும் அப்படியே பெய்யவைத்து ஒப்பிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, நெதர்லாந்து, டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர் கணினிகளில் ஓடும் வெதர் அட் ஹோம் திட்டமும் பயன்பட்டது. அந்த ஒரு நாள் மழையில் வெப்பமாதலின் தடம் தென்படவில்லை. காற்றில் மிதக்கும் மாசுத்துகள்கள் வெப்பமாதலின் விளைவை இதுவரை ஈடுகட்டியிருக்கக்கூடும் என்பது முடிவு. பலர் எதிர்பார்த்த பதில் அல்ல. மலையில் பெய்தால்தான் கோமுகி அணை நிறையும் என்றிருக்கும் நமக்கு, மழையைப் பற்றிய நேர்மையான பதில் எதுவானாலும் தேவைதான்.

நம்பிக்கை: மலையில் சிக்னலே இல்லை, கரண்ட்டும் அடிக்கடி போய்விடும். அங்கே எப்படி ஓடும்?

உண்மை: கணக்கு நடப்பது கணினிக்குள். வேலையை வாங்கும்போதும் விடையை அனுப்பும்போதும் மட்டும் இணையம் போதும். மின்சாரம் போனாலும் பெரும்பாலும் முழு வேலையும் வீணாகாது. மென்பொருள் போட்ட கணக்கை இடையிடையே குறித்து வைத்துக்கொண்டு, கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து தொடரும்.

கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி, "அண்ணே, என் பழைய லேப்டாப்புக்கு இது தாங்குமா?" என்று கேட்டாள். இரண்டு வாரக் கெடு உள்ள ஒரே ஒரு மூட்டையை மட்டும் இறக்கிக் கொடுத்தேன். பாதி செயலி, சார்ஜரில் இருக்கும்போது மட்டும், மரப்பலகைமேல் வைத்து. வெள்ளிக்கிழமை பஸ்ஸேறி மலைக்குப் போனாள். சிக்னல் இல்லாத வீட்டில் இரண்டு சாயங்காலம் அது ஓடியது. திங்கட்கிழமை விடுதிக்கு வந்து இணையத்தில் இணைத்ததும் விடை போய்ச் சேர்ந்தது.

புளி வியாபாரி எடை போடுவதுபோல் இங்கேயும் ஒரு சோதனை உண்டு. பல திட்டங்களில் ஒரே மூட்டையை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். இரண்டு விடையும் பொருந்தினால்தான் ஏற்பார்கள். மூன்று நாள் கழித்து அவள் கணக்கில் 'சரிபார்க்கப்பட்டது' என்று விழுந்தது. அந்த இன்னொரு கணினி எந்த நாட்டில், யார் வீட்டில் இருக்கிறதோ, அவளுக்குத் தெரியாது. வெள்ளிமலை வீட்டில் போட்ட கணக்கும் அங்கே போட்ட கணக்கும் ஒன்றாக இருந்தன.